5 பப், 3 மணி நேரம், 24 பேர்: சொதப்பிய ஒரு லண்டன் நடை

லண்டனில் பழைய பப்களைச் சுற்றிக்காட்டும் நடைகளை மாலை வேளைகளில் நடத்தி வருகிறேன். முழு நேரப் பிழைப்பு இல்லை, பகலில் வேறு வேலை. இந்த ஊரில் தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுவதற்கு உரிமம் எதுவும் கேட்க மாட்டார்கள். முறையாகப் படித்துத் தேர்வு எழுதி நீல பேட்ஜ் குத்திக்கொண்ட வழிகாட்டிகளும் இருக்கிறார்கள், என்னைப் போல ஆர்வத்தில் இறங்கியவர்களும் இருக்கிறார்கள். என் பலவீனம் என்ன என்பது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்தான் எனக்கே தெரிந்தது. அதைத்தான் இங்கே பிரித்துப் போட்டுப் பார்க்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் பிரிவு உபசாரம். 24 பேர். "பழைய பப்பாக ஐந்து காட்டுங்கள், மூன்று மணி நேரம் போதும்" என்றார்கள். நானும் சரி என்றேன். ஹாட்டன் கார்டனில் இருக்கும் ஓல்ட் மைட்டரில் ஆரம்பித்து, நியூகேட் தெருவில் வயடக்ட் டேவர்ன், ஃப்ளீட் தெருவில் செஷயர் சீஸ், பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்துப் பக்கம் பிளாக்ஃப்ரையர், கடைசியில் தேம்ஸைத் தாண்டி சதக்கில் ஜார்ஜ் இன். வரைபடத்தில் பார்க்க அழகான கோடு. ஐந்துமே பெயர் பெற்ற இடங்கள், ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பத்து நிமிடக் கதை தயார்.

5.30-க்கு மைட்டரில் கூடுவதாகப் பேச்சு. அந்தப் பப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நகைக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்து, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும். அந்தச் சந்தில் 24 பேரை நிறுத்தி, 1546-இல் ஈலி நகர ஆயரின் (பிஷப்) மாளிகைப் பணியாட்களுக்காகத் தொடங்கிய பப் இது என்று நான் ஆரம்பித்தபோது, முன்னால் நின்ற எட்டுப் பேருக்குத்தான் கேட்டது. பின்னால் நின்றவர்கள், பாவம், நான் பேசி முடித்துவிட்டேன் என்று நினைத்து உள்ளே போய்விட்டார்கள். மீதிக் கதையை உள்ளே போய்க் கத்திச் சொன்னேன்.

அங்கிருந்து கிளம்பும்போதே 20 நிமிடம் தாமதம். அடுத்த பப்பில் இன்னும் கொஞ்சம். அப்புறம் வழியில் ஒரு பப்பில் (எது என்று சொல்லப் போவதில்லை, தப்பு முழுக்க எங்கள் மேல்) அந்த மேலாளர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலை முடிந்து வந்த வாடிக்கையாளர்கள் பாரை நெருங்க முடியாமல் நிற்கிறார்கள், நீங்கள் நடுக்கூடத்தில் நின்று சொற்பொழிவு நடத்துகிறீர்கள், உங்கள் ஆட்களில் இருவருக்கு இனி ஊற்றிக்கொடுக்கவும் முடியாது என்றார். குரலில் கோபம் கூட இல்லை, அதுதான் உறுத்தியது. வெளியே வந்துவிட்டோம். ஜார்ஜை 8.30-க்கு அடைந்திருக்க வேண்டும். அடைந்தபோது 9.40. என்னோடு வந்து சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் எங்கே கழன்றார்கள் என்று எனக்கே தெரியாது. மறுநாள் பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன்.

எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் வந்தவர், பல வருடம் இந்தப் பகுதிப் பப்களில் நிலவறை வேலையும் பார் வேலையும் பார்த்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். நடந்ததைப் புலம்பி முடிக்கும்வரை பேசாமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தினை பேர் வருகினம் எண்டு அவையளுக்கு முன்னமே சொன்னனீரோ?"

"இல்லண்ணே."

"பிறகென்ன. தம்பி, உமக்கு அது மியூசியம். அவையளுக்கு அது வியாழக்கிழமை."

இந்த வழக்கில் அதற்கு மேல் துப்புத் துலக்க ஒன்றுமில்லை என்றே சொல்வேன். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நமக்கு உறைக்கும், அதனால் போட்டேன்.

கணக்கு

மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். ஐந்து பப்புக்கும் இடையே நடக்க, கூட்டமாக, சிக்னலில் நின்று நின்று, குறைந்தது 50 நிமிடம். மிச்சம் 130. அதை ஐந்தால் வகுத்தால் ஒரு பப்புக்கு 26 நிமிடம். இதற்குள் கதை, குடி, கழிப்பறை எல்லாம்.

இப்போது பாரைப் பாருங்கள். இங்கே மேசைக்கு வந்து கேட்கிற வழக்கம் பெரும்பாலும் கிடையாது, நாமே பாருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, கிளாஸைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கைப்பம்பில் வரும் ஏல் (ஒரு வகை பியர்) என்றால் அந்த நீள மரக்கைப்பிடியை இரண்டு மூன்று முறை நிதானமாக இழுக்க வேண்டும், நுரை அடங்கட்டும் என்று கிளாஸை ஒரு கணம் தட்டில் வைப்பார்கள், பிறகு இன்னொரு சின்ன இழுப்பு. ஒரு பைண்ட் என்பது 568 மில்லி, அது சட்டப்படியான அளவு, குறைந்தால் நிரப்பிக் கேட்கலாம், கேட்பார்கள். இதற்கு நடுவே "இது கசக்குமா, கொஞ்சம் ருசி பார்க்கலாமா" என்று ஒருவர் கேட்டால் குட்டி கிளாஸில் ஊற்றித் தருவார்கள். பிறகு கார்டைத் தட்ட வேண்டும். ஓர் ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்று வையுங்கள். 24 பேரும் தனித்தனியாகக் கேட்டார்கள், தனித்தனியாகத் தட்டினார்கள். ஊற்றுபவர் ஒருவர் என்றால் 36 நிமிடம். இருப்பதே 26.

ஆக, முதல் பப்புக்குள் கால் வைக்கும் முன்பே அந்த நடை தோற்றுவிட்டது. நான் நன்றாகப் பேசியிருந்தாலும் தோற்றிருக்கும். வியாழக்கிழமை வேறு. நகரத்தில் அலுவலகக் கூட்டம் பப்களில் பொங்கி வழிகிற மாலை இப்போது அதுதான். வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள். வார இறுதியிலோ அலுவலகங்கள் நிறைந்த சிட்டி பகுதியின் பல பப்கள் திறப்பதே இல்லை. இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும் நான் வியாழனுக்குச் சரி சொன்னேன் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

குடியின் கணக்கு தனி. பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால். 4 சதவீத பியர் ஒரு பைண்ட் குடித்தால் ஏறக்குறைய 2.3 யூனிட். ஐந்து பப்பிலும் ஒவ்வொரு பைண்ட் என்றால் 11-க்கு மேல் போகிறது. வாரம் முழுவதற்குமே 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பதுதான் இங்குள்ள மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை. மூன்று மணி நேரத்தில் அதன் பெரும்பகுதியைக் குடிக்க வைக்கிற ஒரு "வரலாற்று" நடையை நான் விற்றிருக்கிறேன். மேலாளர் அம்மா இருவருக்கு ஊற்ற மறுத்தது குணத்தால் அல்ல, போதையில் இருப்பவருக்குத் தெரிந்தே விற்பது 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி குற்றம். அபராதம் ஊற்றியவர் தலையில் விழும்.

குழுவில் மூன்று பேர் குடிக்காதவர்கள். ஐந்து இடத்திலும் எலுமிச்சை சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசை எப்போது முடியும் என்று நின்றவர்கள். கடைசிவரை வந்த ஒன்பது பேரில் அந்த மூவரும் உண்டு. அவர்களுக்குத்தான் கதை வேண்டியிருந்தது.

கதையில் இருந்த ஓட்டை

இது நேரத்தைவிடக் கொஞ்சம் சங்கடமான விஷயம். செஷயர் சீஸில் டாக்டர் ஜான்சன் உட்கார்ந்த இடம் என்று காட்டுவார்கள். நானும் பெரிய நடிப்போடு காட்டினேன். அகராதி எழுதிய மனிதர், அதே பக்கத்தில் கஃப் சதுக்கத்தில் 1748 முதல் 1759 வரை குடியிருந்தார், அகராதி 1755-இல் வெளிவந்தது, எழுதி எழுதிக் களைத்து இங்கே வந்து உட்காருவார் என்றெல்லாம். குழுவில் ஓய்வுபெறப் போகிற ஒரு பெரியவர், அவருக்குத்தான் பிரிவு உபசாரமே, மெதுவாகக் கேட்டார்: ஜான்சன் எங்கே போனார், என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்த அவர் நண்பர் பாஸ்வெல் இந்தப் பப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியாது என்பதுதான் பதில். வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, வந்திருக்கலாம், வந்திருக்க வாய்ப்பும் அதிகம். அதைத் தாண்டி யாராலும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் "அப்படிச் சொல்கிறார்கள்" என்ற இரண்டு வார்த்தையை முழுங்கியதுதான் என் தப்பு.

பழைய பப் கதைகளில் பாதி இந்த ரகம். மைட்டரின் உள்ளே ஒரு செர்ரி மரத் தண்டைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், முதலாம் எலிசபெத் அதைச் சுற்றி ஆடினார் என்பார்கள். மரத்தைக் கண்ணால் பார்க்கலாம், ஆட்டத்தை யார் பார்த்தது? இப்போதுள்ள கட்டடமே 18-ஆம் நூற்றாண்டினுடையது. வயடக்ட் டேவர்ன் 1869-இல், ஹோபர்ன் மேம்பாலம் திறந்த அதே ஆண்டில் வந்தது. அதன் நிலவறையைப் பழைய சிறைக் கொட்டடி என்று காட்டுவது வழக்கம், வரலாற்றுக்காரர்கள் பலர் அது சாதாரணச் சரக்கு அறைதான் என்கிறார்கள். எதிரே ஓல்ட் பெய்லி நீதிமன்றம் நிற்கிற இடத்தில் நியூகேட் சிறை இருந்தது மட்டும் சத்தியம். ஜார்ஜில் ஷேக்ஸ்பியர் குடித்தார் என்று சொல்லாத டாக்சிக்காரர் இல்லை, அவர் இறந்தது 1616, இப்போதுள்ள ஜார்ஜ் கட்டடம் 1676 சதக் தீவிபத்துக்குப் பிறகு 1677-இல் எழும்பியது. அதே இடத்தில் அதற்கு முன்பு இருந்த விடுதிக்கு வேண்டுமானால் வந்திருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், உறுதியான விஷயங்கள் இந்தப் புளுகுகளைவிட ருசியானவை. செஷயர் சீஸ் 1666 லண்டன் பெருந்தீயில் எரிந்து மறு ஆண்டே திரும்பக் கட்டப்பட்டது, அன்றிலிருந்து யார் யார் அரியணையில் இருந்தார்கள் என்று வாசலருகே பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்த பாலி என்ற கிளி 1926-இல் செத்தபோது உலகெங்கும் பத்திரிகைகளில் இரங்கல் வந்தது. பக்கத்துத் தெருவெல்லாம் நிருபர்கள் என்றால் கிளிக்கும் இரங்கல் செய்தி வரத்தானே செய்யும்! ஃப்ளீட் தெருவில் 1702-இல் முதல் நாளிதழ் வந்தது, 1986-இல் பத்திரிகைகள் வாப்பிங் பக்கம் இடம்பெயர ஆரம்பித்தன, 2005-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனமும் போய்விட்டது. நிருபர்கள் போனாலும் அவர்கள் குடித்த பப்கள் மட்டும் அங்கேயே நிற்கின்றன.

இன்னொன்று, கேட்கிறவர்கள் கண் விரிகிற விஷயம்: பப் ஏன் மத்தியானம் மூடிக் கிடந்தது என்பது. 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் குடித்துவிட்டு ஆயுதத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வராமல் போகிறார்கள் என்ற கவலையில் பப் நேரத்தைச் சுருக்கினார்கள், மத்தியானத்தில் கதவைச் சாத்த வைத்தார்கள். போர் முடிந்தது. சாத்திய கதவு இங்கிலாந்தில் 1988 வரை சாத்தியேதான் இருந்தது. அண்ணன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு மணி அடித்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, மாலை திறக்கும்வரை குழாய் கழுவுவார்களாம். இதை எந்தத் தகவல் பலகையிலும் பார்த்ததில்லை, அவர் வாயால்தான் கேட்டேன்.

மாற்றியது

ஐந்தை மூன்றாக்கினேன். செஷயர் சீஸ், பிளாக்ஃப்ரையர், ஜார்ஜ். மைட்டரை விட்டது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் சந்து எட்டுப் பேருக்கு மேல் தாங்காது. குழு 12 பேருக்கு மேல் இல்லை. செவ்வாய், மாலை 4 மணி. இரண்டு நாள் முன்னால் மூன்று பப்புக்கும் போன். "12 பேர், இத்தனை மணிக்கு, அரை மணி நேரம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒரு மூலையைக் காட்டுவார்கள், சில நாள் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அன்றைக்கு வேறு வழி.

பாரில் 12 பேரும் தனியாக நிற்பதில்லை. நாலு நாலு பேராகப் பிரிந்து, ஒரு பப்புக்கு ஒருவர் மற்ற மூவருக்கும் வாங்க வேண்டும். ரவுண்டு வாங்குவது என்று இந்த ஊரில் காலங்காலமாக இருக்கிற பழக்கம்தான், நான் கண்டுபிடித்ததில்லை. 12 கார்டு தட்டல் மூன்றாகிவிட்டது. கூடவே, எல்லாரும் அரை பைண்ட் குடியுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று அரை பைண்ட் என்றால் மூன்றரை யூனிட்டுக்குள், கடைசிக் கதையும் காதில் விழும். முழு பைண்ட்தான் வேண்டும் என்பவரைத் தடுப்பதில்லை, ஆனால் பக்கத்தில் எல்லார் கையிலும் சின்ன கிளாஸ் இருக்கும்போது பெரும்பாலும் அவரும் சின்னதுக்கு வந்துவிடுகிறார்.

பெரிய மாற்றம் இது: கதை முழுக்க வெளியே. செஷயர் சீஸுக்கு ஃப்ளீட் தெருவிலிருந்து ஒரு குறுகிய சந்து வழியாகத்தான் போக வேண்டும். நான் அதையும் தாண்டி கஃப் சதுக்கத்துக்கே முதலில் கூட்டிப்போய்விடுகிறேன். அங்கே ஜான்சனின் பூனை ஹாட்ஜுக்கு ஒரு சிலை, அகராதியின் மேல் உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் சிப்பி ஓடு. தன் பூனைக்குத் தானே போய்ச் சிப்பி வாங்கி வந்தாராம், இதை பாஸ்வெல்லே எழுதியிருக்கிறார், ஆகவே தைரியமாகச் சொல்லலாம். அங்கேயே நின்று பேச வேண்டியதைப் பேசிவிட்டால் உள்ளே நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அந்தப் பப்பை நடத்தும் சாமுவேல் ஸ்மித் பியர் ஆலை 2019-இல் தன் பப்களில் கைபேசிக்குத் தடை போட்ட செய்தி வந்தது. அதனால் போட்டோ எடுப்பதை வெளியிலேயே முடித்துக்கொள்ளச் சொல்கிறேன். மங்கிய வெளிச்சம், ரம்பத் தூள் தூவிய தரை, தலை இடிக்கும் படிகள், கையில் போன் இல்லாத 12 பேர். முதல் முறை அப்படி உட்கார்ந்தபோது எனக்கே அந்த இடம் புதிதாகத் தெரிந்தது.

உள்ளே போகும்போது சொற்பொழிவுக்குப் பதிலாக ஒரு சின்ன தேடலைக் கையில் கொடுக்கிறேன். இது பிளாக்ஃப்ரையரில் பிரமாதமாக எடுபடுகிறது. ஆப்பு வடிவக் கட்டடம், 1875 வாக்கில் எழுந்தது, 1905-லிருந்து உள்ளும் புறமும் பளிங்கும் செம்புத் தகடுமாக இழைத்தார்கள். ஒரு காலத்தில் அங்கே டொமினிக்கன் துறவியர் மடம் இருந்ததால் சுவரெல்லாம் குண்டுத் துறவிகள். 1960-களில் இடிக்கப் பார்த்தார்கள், கவிஞர் ஜான் பெட்ஜமன் முன்னின்று போராடிக் காப்பாற்றினார். "நாளை வெள்ளிக்கிழமை என்று எழுதிய தகட்டைக் கண்டுபிடியுங்கள், துறவிகள் என்ன செய்கிறார்கள் என்று வெளியே வந்து சொல்லுங்கள்" என்பேன். மீன் பிடிக்கிறார்கள், விலாங்கு அள்ளுகிறார்கள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு இறைச்சி கிடையாது. தானே கண்டுபிடித்தவர் அதைச் சொல்லும்போது இருக்கிற சந்தோஷத்தை என் பத்து நிமிடப் பேச்சால் ஒருநாளும் தர முடியாது. பின்பக்க அறையில் "அவசரமே தாமதம்" என்ற பொருளில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். அந்த வியாழக்கிழமை நான் அதன் கீழேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

அங்கிருந்து ஜார்ஜுக்கு 20 நிமிட நடை, ஆற்றைக் கடக்கிற பகுதி. அதை முன்பு வீண் நேரம் என்று நினைத்து எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போனேன். இப்போது அதுதான் ஓய்வு. குடித்தது கொஞ்சம் இறங்கும், ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள், என்னிடம் கேட்க நினைத்து வைத்திருந்ததைக் கேட்பார்கள். ஜார்ஜ் முற்றத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றம், மேலே மரத்தாலான மாடத் தாழ்வாரம், லண்டனில் மிஞ்சியிருக்கிற அந்த வகை விடுதி அது ஒன்றுதான். மூன்று பக்கமும் இருந்ததை ரயில் கம்பெனி இடித்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் விட்டது, 1937 முதல் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சொத்து. பக்கத்து முற்றத்தில்தான் டபார்ட் விடுதி, கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் யாத்ரீகர்கள் கிளம்பிய இடம், அதை 1873-இல் இடித்தே விட்டார்கள். ஒன்று போய் ஒன்று நிற்பதை அந்த இடத்தில் நின்று சொன்னாலே போதும், ஷேக்ஸ்பியரை இழுக்க வேண்டிய தேவை இல்லை.

புது முறையில் முதல் நடைக்கு 11 பேர் வந்தார்கள், 11 பேரும் ஜார்ஜ் வரை வந்தார்கள். இரண்டே முக்கால் மணி நேரம். ஜான்சன் கதையை "வந்திருக்கலாம்" என்றே சொன்னேன், யாருக்கும் அதில் குறை தெரியவில்லை. வருமானம்? குறைந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. 24 பேரிடம் வாங்கிய இடத்தில் 12 பேரிடம்தான் வாங்க முடியும், கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றினேன், இருந்தும் முழுக்க ஈடாகவில்லை.

தீராத பிரச்சினை ஒன்று பாக்கி. கதையை எல்லாம் வெளியே கொண்டுவந்துவிட்டேன், இது லண்டன். மூன்றாவது நடையன்று கஃப் சதுக்கத்தில் பூனைச் சிலைக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்ததும் கொட்ட ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து, "இதுக்கு என்னண்ணே பண்றது" என்றேன்.

"குடை கொண்டு வரச் சொல்லும்" என்றார். "12 குடை அந்தச் சந்துக்குள்ள எப்படிப் போகும் எண்டு மட்டும் என்னட்டக் கேக்காதையும்."